பாட்டன் குடிக்காத ஒயின்

தென்மேற்கு ஃபிரான்ஸின் துலூஸில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் இப்போது மேஜையில் பேர் கேள்விப்படாத ஒரு திராட்சை ரகத்தின் ஒயின் நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்த மெர்லோ கொண்டுபோனால் சிரித்த முகத்தோடு வாங்கி அடுக்களைக்குள் வைத்துவிடுகிறார்கள். அது அப்புறம் வெளியே வருவதில்லை. ப்ரூனலார், ஓந்தாங், வெர்தனெல், தார்திஃப் என்று ஏதாவது கொண்டுபோனால் புட்டி கை மாறி மாறிச் சுற்றுகிறது. பின்பக்கத்து லேபிளை ஒருவர் சத்தமாக வாசிக்கிறார். அழியப்போன ரகத்தை யார், எந்த வேலியோரத்தில் கண்டெடுத்தார்கள் என்ற கதை தொடங்கிவிடுகிறது. கதை முடிவதற்குள் கோழி ஆறிவிடும். எனக்குக் கதை பிடிக்கும், அதில் குறையில்லை. ஆனால் அந்தக் கதைகள் எல்லாம் முடிகிற விதம்தான் வெகுநாளாக எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை: இதுதான் நம் முன்னோர் குடித்த ஒயின், அந்தப் பழைய ருசி திரும்பி வந்திருக்கிறது!

ஒருமுறை நானும் அப்படி ஒரு புட்டி வாங்கினேன். கடைக்காரர் சொன்ன கதையில் மயங்கி, வழக்கமாகக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு கொடுத்து. காயாக் பகுதியின் ப்ரூனலார். நிறம் பிரமாதம், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில்கூட ஊதா வெளுக்கவில்லை. வாயில் வைத்ததும் கறுப்புப் பழத்தின் வாசனை. அப்புறம், நாவல்பழம் தின்றால் நாக்கில் படியுமே, அந்தத் துவர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மோசமான ஒயின் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலையில் பாதிக்குப் பக்கத்துக் கஹோரில் நல்ல மல்பெக் கிடைக்கும். அன்று மனதில் விழுந்த கேள்வியைச் சபையில் கேட்டால் மரியாதை இருக்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்: இவ்வளவு அருமையான ரகம் என்றால் அந்த முன்னோர் இதை ஏன் பிடுங்கிப் போட்டார்கள்?

பிடுங்கியவர்கள் முட்டாள்கள் இல்லை

இந்தக் கதைகளில் வில்லன் எப்போதும் ஃபிலாக்ஸெராதான். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த, அசுவினிக்கு உறவான இந்தப் பூச்சி 1863-இல் தெற்கே கார் மாவட்டத்தில் முதலில் தலைகாட்டியது. கொடிகள் ஏன் சாகின்றன என்று ஐந்து வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. செத்த கொடியின் வேரில் பூச்சி இருக்காது, அது அடுத்த கொடிக்குப் போயிருக்கும். 1868-இல் மொன்பெலியே நகரின் தாவரவியலாளர் பிளான்ஷோனும் கூட்டாளிகளும் நல்லபடியாக நின்றிருந்த கொடியைத் தோண்டிப் பார்த்தபோதுதான் வேரெல்லாம் மஞ்சளாக மொய்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. மருந்து எதுவும் பெரிதாகக் கேட்கவில்லை. பூச்சியோடு வாழப் பழகிய அமெரிக்க வேர்ச்செடியின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டியதுதான் கடைசியில் நின்றது. எல்லாம் சரி, ஆனால் அந்தப் பூச்சி ரகம் பார்த்துக் கடிக்கவில்லையே. மெர்லோவும் செத்தது, பினோவும் செத்தது. அவை திரும்பி வந்தன, ப்ரூனலார் வரவில்லை என்றால் அதற்குப் பூச்சியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மறுபடி நட்டவரின் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கு எளிது. தோட்டம் முழுக்க ஒட்டுச்செடி வாங்கி நட வேண்டிய நிலையில் இருப்பவர், நாற்றுப்பண்ணைக்காரரிடம் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்குவார். சாதாரண ஒயினுக்கு வியாபாரி ஆல்கஹால் டிகிரியைக் கணக்கிட்டு விலை போட்டார். சர்க்கரை ஏறாத திராட்சைக்கு விலை இல்லை. இலையுதிர்கால மழைக்குள் பழுக்காத ரகம், பூ உதிர்ந்து ஒரு வருடம் காய்த்து மறுவருடம் கைவிடும் ரகம், குலை நெருக்கமாகி உள்ளுக்குள்ளேயே அழுகும் ரகம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழிந்தன. 1956 பிப்ரவரியில் விழுந்த கடும்பனி தென்மேற்கில் மிச்சம் நின்ற கிழட்டுக் கொடிகளில் ஏராளமானவற்றைக் கருக்கியது. மறுபடி நட்டபோது பட்டியல் இன்னும் சுருங்கியது. போதாக்குறைக்கு அரசாங்கத்தின் பட்டியல்களும் வந்தன. 1935-இல் தொடங்கிய, ஒயினின் ஊர்ப்பேரைக் காக்கும் ஏஓசி முறை ஒவ்வொரு பகுதிக்கும் இன்னின்ன ரகம் என்று எழுதி வைத்தது. அந்தப் பட்டியலில் இல்லாத ரகத்தில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் லேபிளில் ஊர்ப்பேர் போட முடியாது. பொது அட்டவணையிலேயே இல்லாத ரகம் என்றால் விற்பனைக்கு ஒயின் செய்ய நடவே கூடாது.

ஆக, பிடுங்கியவர்களுக்குக் காரணம் இருந்தது. இன்று திரும்ப நடுகிறவர்களுக்கும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே காரணம். ஜெர் மாவட்டத்தில் மான்செங் நுவார் என்ற கறுப்பு ரகத்தை ஒழித்துக்கட்டியதே அதில் ஆல்கஹால் ஏறவில்லை என்பதால்தான். இப்போது வெயில் ஏறிவிட்டது. அதே மண்ணில் தன்னா ரகம் சுலபமாக 14 டிகிரியைத் தாண்டிப் போகிறது, குடிக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சேன் மோன் பகுதியின் ப்ளேமோன் கூட்டுறவு சங்கம் மான்செங் நுவாரைத் தேடிப் பிடித்து மறுபடி நட்டதற்குச் சொல்லும் முதல் காரணம், அதில் ஆல்கஹால் ஏறாது என்பது. கொடி மாறவில்லை, குணம் மாறவில்லை. அன்று குற்றமாக இருந்தது இன்று தகுதியாகிவிட்டது. இதில் பழம்பெருமைக்கு ஒரு வேலையும் இல்லை. எனக்கு இது பிடித்த வாதம், ஏனென்றால் இது நேர்மையான வாதம்.

அம்மா யார், அப்பன் யார்

ருசி சுமார்தான் என்றால் காப்பாற்றுவானேன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை உண்டு. பிரித்தானி பிரதேசம், சேன் மாலோவுக்குப் பக்கத்தில் சேன் சுலியாக் என்ற சிற்றூர். ஒயினுக்குப் பேர்போன பக்கம் இல்லை அது, அங்கே ஆப்பிளில் செய்யும் சைடர்தான். அந்த ஊர்ச் சரிவில், என்றைக்கோ கைவிடப்பட்ட திராட்சைத் தோட்டம் இருந்த இடத்தில், 1990-களில் பேர் தெரியாத ஒரு கொடியைக் கண்டார்கள். ஒரு குச்சியை வெட்டி, திராட்சை ரகங்களைச் சேர்த்து வைக்கும் வசால் சேகரிப்புக்கு அனுப்பினார்கள். அப்புறம் மரபணுச் சோதனைகள் வந்தன. மொன்பெலியேவின் திராட்சை ஆராய்ச்சியாளர் ழான்-மிஷேல் பூர்சிக்கோவும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட முடிவு: இந்த அநாதைக் கொடிதான் மெர்லோவின் தாய். தகப்பன் கபர்னே ஃப்ராங்க். ஃபிரான்ஸில் வேறெந்தக் கறுப்புத் திராட்சையையும்விட அதிக நிலத்தில் நிற்கும் மெர்லோவுக்கு, அம்மா யாரென்று அதுவரை தெரியாது.

தேடிப்போனபோது ஷராந்த் பக்கத்துக் கிராமங்களில் அதே கொடி இன்னும் நான்கு வீட்டு வாசல்களில் படர்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சீக்கிரம் பழுக்கும், பிள்ளைகள் பறித்துத் தின்னும், அவ்வளவுதான். ஜூலை 22-இல் வரும் மகதலா மரியா திருநாளையொட்டிப் பழுப்பதால் 'மதலேன் திராட்சை' என்பார்களாம். அதையே வைத்து மக்தலேன் நுவார் தே ஷராந்த் என்று முறையான பேரும் சூட்டிவிட்டார்கள். அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் வெளிப்பட்டது. மல்பெக்குக்கும் தாய் இவள்தான். தகப்பன்? ப்ரூனலார். நான் இரட்டை விலை கொடுத்து வாங்கி உதட்டைப் பிதுக்கிய அதே ப்ரூனலார். பிள்ளை அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் மலையடிவாரம் முழுக்கப் பரந்து கிடக்கிறான், அப்பன் காயாக்கில் கொஞ்ச நிலத்தில் ஒதுங்கி நிற்கிறான்.

கூவே ப்ளாங்க் கதை இதைவிடப் பழையது. நடுக்காலத்தில் ஏழைக் குடியானவர்கள் நட்ட திராட்சை அது. புளிக்கும், தண்ணீராக இருக்கும், நடாதே என்று திரும்பத் திரும்பத் தடை போட்டார்கள். அது பினோவோடு கலந்து பெற்ற பிள்ளைகள்தான் ஷர்தொனே, கமே, அலிகோத்தே எல்லாம் என்று 1999-இல் தெரியவந்தது. அதனால் ஒரு ரகத்தைக் காப்பாற்ற அதன் ஒயின் ருசியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்குத்தான் வசால் மாதிரி இடங்கள் இருக்கின்றன. மத்தியதரைக் கடலோரம் மார்ஸெய்யான் பக்கத்தில் வெறும் கடற்கரை மணல். மணலில் ஃபிலாக்ஸெரா பிழைக்காது என்பதால் 1949-இல் அங்கே போனார்கள். உலகெங்கிலுமிருந்து 2,700 அளவில் ரகங்கள். இப்போது கடல் ஏறி மணலுக்கடியில் உப்புநீர் வருகிறது, சேகரிப்பையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டிய நிலை. விருந்துகளில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. லேபிள் ஒட்ட முடியாத விஷயம் பாருங்கள்.

இடைச்செருகலாக ஒன்று. நம்ம கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சை இருக்கிறதே, அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். இங்கே வாந்து மலைச்சரிவில் அதே ரகத்தைச் சாப்பாட்டுத் திராட்சையாக வளர்த்து, ஊர்ப்பேரோடு நல்ல விலைக்கு விற்கிறார்கள். புதுச்சேரி நண்பனுக்கு இந்த ஊர்ச் சந்தையில் ஒரு குலை வாங்கிக் கொடுத்தேன். "அட, நம்மூர் பழம்டா, இதுக்கா இவ்வளவு காசு வாங்குறான்?" என்றான். கம்பத்துப் பன்னீருக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றேன். சமாதானம் ஆனமாதிரித் தெரியவில்லை.

கவாத்துக் கத்தரி நின்ற இடம்

காப்பாற்றுவது சரி. குடிப்பது? அந்தக் கேள்வி அப்படியேதான் இருந்தது, ஒரு குளிர்காலத்தில் காயாக் பக்கம் ஒரு பெரியவரின் தோட்டத்தில் நிற்கும்வரை. காயாக்கில் பழைய ரகங்களைத் தேடி எடுத்து நட்டதில் முதல் பேர் ரொபேர் ப்ளாஜோல் உடையது. வசாலிலிருந்து குச்சி வாங்கி வந்து ஓந்தாங், வெர்தனெல், ப்ரூனலார் என்று ஒவ்வொன்றாக நிற்கவைத்தவர். நான் சொல்லும் பெரியவர் அவரைப் பார்த்து ஆரம்பித்த அடுத்த வரிசை ஆள். பேர் வேண்டாம், தன் தோட்டத்தைப் பற்றி எழுதுவதில் அவருக்கு விருப்பமில்லை. கவாத்துக் காலம். மண் இறுகிக் கிடந்தது, கொடிகள் இலையில்லாமல் பழுப்புக் குச்சிகளாக நின்றன. மெர்லோ வரிசையில் அவர் என்னோடு பேசிக்கொண்டேதான் வெட்டினார். பென்ஷன், ரக்பி, மகள் படிப்பு. கண் என் மேல் இருந்தது, கை தானாக வேலை செய்தது. ஒரு கொடிக்கு நாலு வெட்டு, ஐந்து வெட்டு, அடுத்தது. கீழே குச்சிகள் ஒரே அளவாக விழுந்தன.

ப்ரூனலார் வரிசைக்கு வந்ததும் பேச்சு நின்றது. கொடிக்கு முன்னால் நின்றார். ஒரு குச்சியை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். கத்தரியைக் கொண்டுபோய் வைத்தார், எடுத்தார், ஒரு மொட்டுக்கண் மேலே தள்ளி வைத்தார். வெட்டினார். பின்வாங்கி நின்று மறுபடி பார்த்தார். மெர்லோவில் ஒரு வரிசையே முடிந்திருக்கும் நேரத்தில் இங்கே சில கொடிகள்தான் ஆகியிருந்தன.

"என்ன, ரொம்ப யோசிக்கிறீங்க?" என்றேன்.

"இதுக்கு எத்தனை கண் விடணும்னு எனக்குத் தெரியாது" என்றார், சாதாரணமாக. "கீழ்க்கண்ணுல இது சரியா காய்க்கலையோன்னு ஒரு சந்தேகம். மேலே விட்டா இஷ்டத்துக்கு ஓடுது. என் அப்பாவுக்கும் தெரியாது, அவர் மெர்லோவும் கமேவும்தான் பார்த்தவர். தாத்தாவோட அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். யார்கிட்டயும் சொல்லிட்டுப் போகல."

"அப்போ எப்பப் பறிக்கணும்கிறது?"

"அதுவும்தான். சர்க்கரை ஏறியாச்சுன்னு பறிச்சா கொட்டை பச்சையா இருக்கு. கொட்டை பழுக்கட்டும்னு விட்டா மழை வந்துடுது. தோலோட எத்தனை நாள் ஊறவைக்கணும்? ஒரு வருஷம் அதிகமா போச்சு, வாயே இறுகிப்போச்சு. மறு வருஷம் குறைச்சேன், சப்புன்னு ஆயிடுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவைதானே பரீட்சை எழுத முடியும்."

கொஞ்சம் தைரியம் வந்து, நான் குடித்த ப்ரூனலார் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "எனக்கும் என்னோடது பிடிக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குப் போனார்.

நான் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கத்தரி நின்று நின்று போனதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வசாலிலிருந்து வந்தது ஒரு கட்டுக் குச்சி. அதோடு சேர்ந்து வர வேண்டியது எதுவும் வரவில்லை. எந்தச் சரிவில் நட வேண்டும், எத்தனை கண் விட வேண்டும், எந்த மாதம் இலை கிள்ள வேண்டும், எந்தப் பீப்பாயில் எத்தனை காலம் என்பதெல்லாம் யாரோ ஒருவர் கையில் இருந்து, அவரோடு மண்ணுக்குப் போய்விட்டது. மெர்லோவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆயிரக்கணக்கான கைகள் பாடம் கேட்டிருக்கின்றன. ப்ரூனலாரோடு இந்தப் பெரியவர் இப்போதுதான் முதல் பாடத்தில் இருக்கிறார். அந்த நடுவில் ஒன்றுமில்லாத ஒயினைப் பாதி எழுதிய கதையாக வைத்துக் குடித்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதை "முன்னோர் ருசி" என்று சொல்லி விற்றதுதான் எரிச்சல். முன்னோர் ருசி என்னவென்று அதைச் செய்கிறவருக்கே தெரியாது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

அரை ஏக்கரில் இருபது ரகம்

இதற்கும் மேலே ஒரு படி போகலாம். ஜெர் மாவட்டத்தின் சரகாஷி என்ற ஊரில் அரை ஏக்கர் அளவுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. மணல் மண், அதனால் ஃபிலாக்ஸெரா தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நட்டது என்கிறார்கள், ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் சுமார் 600 கொடிகள். 2012-இல் ஃபிரான்ஸ் அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் கொடுக்கும் அந்தஸ்து, ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கிடைத்தது. அடிமரம் தொடை பருமனுக்குத் திருகி நிற்கிறது, கொடிகளுக்கிடையே மாடு கட்டி உழுத காலத்து இடைவெளி அப்படியே இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த அரை ஏக்கரில் இருபதுக்குக் குறையாத ரகங்கள் கலந்து நிற்கின்றன. அவற்றில் சில வேறெங்கும் இல்லாதவை, எந்தப் புத்தகத்திலும் பேரில்லாதவை.

சிறு விவசாயி அப்படித்தான் நட்டார். வசந்தப் பனியில் ஒன்று போனால் தாமதமாகத் துளிர்ப்பது நிற்கும். மழையில் ஒன்று அழுகினால் தோல் தடித்தது நிற்கும். ஒன்று நிறம் கொடுக்கும், ஒன்று புளிப்பு, ஒன்று வெறும் அளவுக்கு. எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்து ஒரே தொட்டியில் போட்டு மிதித்தால் அதுதான் அந்த வருடத்து ஒயின். பர்கண்டி மாதிரி ஒற்றை ரகத்தில் பெருமைப்பட்ட இடங்களும் உண்டு, ஆனால் தென்மேற்கின் குடியானவர் வீட்டில் "நூறு சதவீதம் ப்ரூனலார்" என்று எழுதிய புட்டி எங்கே இருந்திருக்கும்? ஒற்றை ரகத்தின் பேரை முன்லேபிளில் பெரிதாகப் போடுவது நம் காலத்துப் பழக்கம், ஷர்தொனே விற்றுப் பழகிய சந்தையின் பழக்கம். அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டி, நோய் நீக்கிய குச்சியில் வளர்த்து, தனியாகப் பறித்து, வெப்பம் கட்டுப்படுத்திய எஃகுத் தொட்டியில் நொதிக்கவைத்தால் கிடைப்பது புத்தம்புது ஒயின். எந்தப் பாட்டனும் அதைக் குடித்ததில்லை. புதுசு என்று சொல்லியே விற்கலாம், நானே வாங்குவேன்.

ஆனால் பழசுக்குத்தான் விலை. போர்தோவின் கிராவ் பகுதியில் ஃபிலாக்ஸெராவுக்கு முந்தைய ரகங்களை ஒட்டில்லாமல் வளர்த்து ஒயின் செய்யும் லிபர் பாதேர் என்ற பண்ணை, தன் 2015-ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றுக்கு வைத்த விலை 30,000 யூரோ. அது நல்ல ஒயினாகவே இருக்கலாம், நான் குடிக்கப் போவதில்லை. ஒரு காலத்தில் ஏழைக்குப் பயிர்க் காப்பீடாக இருந்தவை இந்தப் பலரகக் கொடிகள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்து காயாக்கிலும் மர்சியாக்கிலும் சேன் மோனிலும் பன்னிரண்டு, பதினைந்து யூரோவுக்கு உழைத்துச் செய்த புட்டிகள் கிடைக்கின்றன. அதற்கு மேல் கேட்டால் கதைக்குக் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கதைக்குக் கொடுப்பதும் தப்பில்லை, தெரிந்து கொடுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு நம்பிக்கை தருவது, யாரும் சத்தம் போடாத ஒரு சிறு விதி மாற்றம். பழைய போர்தோவில் இருந்து மறைந்துபோன காஸ்தே என்ற கறுப்பு ரகத்துக்கு அடிச்சாம்பல் நோய் சுலபத்தில் வராது. வெயிலும் நோயும் கூடிவரும் காலத்துக்கு உதவும் என்று 2021-இல் அதையும் இன்னும் ஐந்து ரகங்களையும் போர்தோவின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே நிபந்தனை: ஒருவர் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, லேபிளில் பேரும் போடக்கூடாது. கேட்டதும் கஞ்சத்தனமாகத் தோன்றியது. யோசித்தால் சரகாஷிக்காரர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்: பத்தோடு ஒன்றாக நட்டு, மற்றதோடு கலந்து, பேர் சொல்லாமல் குடித்தார். போர்தோ கலவை ஒன்றை அடுத்தமுறை திறக்கும்போது அதில் கொஞ்சம் காஸ்தே இருக்கலாம். விருந்துக்குக் கொண்டுபோனால் அதுவும் அடுக்களைக்குள்தான் போகும்.